மூன்று கோடுகளுக்குக் கீழே

1

மீரான் இறந்து மூன்று வருஷம் முடிகிற வாரத்தில்தான் அந்த மெயில் வந்தது. பிப்ரவரி மாதம், திங்கட்கிழமை, காலை எட்டரை மணி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் பிப்ரவரி என்றால் சூரியன் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உடனே வீட்டுக்குக் கிளம்பிவிடும் மாதம். கோட்டைக் கழற்றி மாட்டி, காப்பியை மேசையில் வைத்துவிட்டுத் திறந்தேன். அனுப்பியவர் எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண். பாதுகாப்பு ஆய்வாளர். நான் பொறுப்பில் வைத்திருக்கும் நெட்வொர்க் டிரைவரில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக வெளியாள் ஒருவன் கம்ப்யூட்டருக்குள் புகுந்து இஷ்டத்துக்கு ஆட்டிவைக்கலாம், செய்தும் பார்த்துவிட்டேன், நீங்கள் அடைத்து முடிக்கும்வரை நான் வெளியே மூச்சுவிட மாட்டேன், நீங்களும் விடவேண்டாம் என்று எழுதியிருந்தார். குத்தலோ கோபமோ இல்லாத மெயில். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்பதை எங்கள் ஊர் முக்கூடலில் யாருக்கும் இதுவரை புரியவைக்க முடிந்ததில்லை. "கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்பதோடு அண்ணன் முடித்துக்கொள்வான். உங்களுக்காவது சொல்லிப் பார்க்கிறேன். கம்ப்யூட்டருக்கும் வெளி உலகத்துக்கும் நடுவில் ஒரு சில்லு, சிப் என்பார்களே அது, இருக்கிறது. கம்பி வழியாக வரும் தகவல்கள் சின்னச் சின்னக் கட்டுகளாக அதில் வந்து இறங்கும். அவற்றை வாங்கிச் சரிபார்த்து உள்ளே அடுக்குகிற நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். எங்கள் ஊர்ப் பீடிக் கடையில் செக்கர் செய்கிற அதே வேலை. அம்மா சுற்றிய பீடியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் வைப்பாள். கட்டுக்கு இருபத்தைந்து. அம்மாவை முப்பது வருஷமாக அவருக்குத் தெரியும். ஆனாலும் எண்ணாமல் ஒரு கட்டையும் எடுத்து உள்ளே வைக்கமாட்டார்.

வருகிற தகவல் கட்டின் மேலும் 'நான் இத்தனை நீளம்' என்று எழுதியிருக்கும். டிரைவர் அதை நம்பக்கூடாது. அளந்து பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எங்கள் டிரைவர் ஓர் இடத்தில் அளக்காமல் எடுத்துக்கொண்டிருந்தது. பொய்யான நீளத்தை எழுதி ஒருவன் அனுப்பினால், ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பக்கத்து இடத்திலும் போய் விழும். பக்கத்து இடத்தில் கம்ப்யூட்டர் தன் முக்கியமான சாமான்களை வைத்திருக்கும்.

இந்த டிரைவர் சேர்ந்திருக்கும் இயங்குதளத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். உலகம் முழுக்க இலவசமாகப் பகிரப்படுவது. யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி அனுப்பலாம். அந்தந்தப் பகுதியின் பொறுப்பாளர் படித்துப் பார்த்துச் சரி என்றால் சேரும். சில்லைச் செய்கிற கம்பெனியில் நான் வேலை பார்ப்பதால், பன்னிரண்டு வருஷமாக அந்த டிரைவருக்குப் பொறுப்பாளன் நான்.

2

ஓட்டை என்று தெரிந்ததும் எங்கள் தொழிலில் முதலில் செய்கிற காரியம், அந்த வரியை யார் எழுதியது என்று பார்ப்பது. எழுதியவர் பெயர், நாள், நேரம் எல்லாம் பதிவில் இருக்கும். நிரலைத் திருத்தலாம், பதிவைத் திருத்த முடியாது. கட்டளையைத் தட்டினேன். மீரான் பெயர் வந்தது. அதற்குக் கீழே 'படித்துச் சரிபார்த்தவர்' என்ற வரியில் என் பெயர்.

மீரான் காயல்பட்டினத்துக்காரன். திருநெல்வேலியில் எஞ்சினியரிங் படித்த நான்கு வருஷமும் விடுதியில் ஒரே அறை. நிரல் எழுத எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். தமிழில் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வந்த நான் தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏலே, இது ஒண்ணும் இல்லலே. ஒனக்கு என்ன வேணும்னு மொதல்ல சொல்லு. பொறவு அத எப்பிடிச் செய்யணும்னு பைய ஒவ்வொண்ணாச் சொல்லு. அம்புட்டுத்தான்" என்றான். அந்த இரண்டு வாக்கியத்தை வைத்துத்தான் இருபத்தைந்து வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவன் தெருவில் பாதி ஆண்கள் வளைகுடாவில் இருந்தார்கள். அவன் வாப்பா அங்கே போனவர்தான், வயதான பிறகுதான் திரும்பினார். "எங்க வாப்பாவ நான் மொத்தமாக் கூட்டிப் பாத்தா ரெண்டு வருசம் பாத்திருப்பேன். எம் புள்ளைக்கு அந்தக் கதி வேண்டாம்லே" என்று சொல்லி, வந்த வெளிநாட்டு வேலைகளை எல்லாம் விட்டான். திருநெல்வேலியில் இன்டர்நெட் பெட்டிகள் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து, காயலிலிருந்து தினமும் ரயிலில் போய்வந்தான். வெளிநாடு வந்தது, எல்லாப் பாடத்திலும் அவனைவிட மார்க் குறைவாக வாங்கிய நான்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். நாற்பத்தாறு வயது. அன்று மாலையே அடக்கம். எனக்குச் செய்தி வந்தபோது மய்யித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். எப்படிப் பறந்திருந்தாலும் முகம் பார்த்திருக்க முடியாது என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். உண்மையில் அந்த வாரம் நான் பறந்திருக்கவும் முடியாது. குடியிருப்பு அட்டையின் தேதி முடிந்து புது அட்டை வராத நாட்கள் அவை. இடைக்காலத்துக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். இதை வைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று போனில் கேட்டதற்கு, "விடக்கூடும்" என்றார் அலுவலர். அந்த 'கூடும்' என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன்.

அட்டை வந்த பிறகு போனேன். அவன் மகள் ஜுலைகா அப்போது பிளஸ் டூ. துணி அலமாரிக் கதவில் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தாள். அவள் வாப்பாவின் திருத்தம் சேர்க்கப்பட்ட பதிவு, அச்செடுத்தது. ஓரம் பழுத்துப்போயிருந்தது.

"வாப்பா பேரு உள்ள இருக்கு மாமா. எத்தன மிஷின்ல இது ஓடுதோ அத்தனையிலயும் இருக்கு" என்றாள்.

அந்த இயங்குதளத்தில் மீரான் பெயரில் இருப்பது அந்த ஒரே ஒரு திருத்தம். ஆய்வாளர் பெண் கண்டுபிடித்த ஓட்டை அதில்தான் இருந்தது.

3

அதை நான் சரிபார்த்த லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஆடி மாதம். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். மீரான் ஒரு வேன் பிடித்து இரண்டு குடும்பத்தையும் பாபநாசத்துக்குக் கூட்டிப்போனான். மேலே மழை, ஆற்றில் தண்ணீர் கலங்கலாக, குளிர்ந்து வந்துகொண்டிருந்தது. பெண்களும் பிள்ளைகளும் ஒரு பக்கம் இறங்க, நாங்கள் இரண்டு பேரும் கழுத்தளவு தண்ணீரில் வெகுநேரம் கிடந்தோம். கரையேறித் தலை துவட்டும்போது கேட்டான்.

"ஏலே செல்வம், போன வாரம் ஒனக்கு ஒரு பேட்ச் அனுப்பினேம்லா. பாத்தியா?"

எங்கள் பாஷையில் திருத்தத்துக்குப் பேட்ச் என்று பெயர். அவன் கம்பெனிப் பெட்டியில் இருந்தது எங்கள் சில்லுதான். பழைய பெட்டிகளில் வேகம் போதவில்லை என்று டிரைவரில் கைவைத்திருந்தான்.

"ஸ்பீடு கூட்டுததுதான? பாத்துட்டேம்லே. நல்லாத்தான் இருக்கு."

"நாளான்னைக்கு வாசலச் சாத்திருவானுவ. இத விட்டா இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆவும். ஒம் பேரு இருந்தாத்தான் மேல உள்ளவன் எடுப்பான்."

புதுத் திருத்தங்களை வாங்கச் சில நாட்களே கதவு திறந்திருக்கும், அதைத்தான் வாசல் என்றான்.

"எம் பேரப் போட்டுக்கோ. அதுக்கென்ன."

"முழுசாப் பாத்தியாலே?"

"நீ எழுதுனதுல நான் என்னத்தப் பாக்க? நீதானவே எனக்குச் சொல்லிக்கொடுத்த."

அவன் துண்டைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தான். "அது கெடக்கட்டும். பாத்தியான்னு கேக்கேன்."

"பாத்துட்டேன்னு சொல்லுதேம்லா" என்றேன், கொஞ்சம் எரிச்சலாக.

வேனில் இருந்த மடிக்கணினியை எடுத்தேன். முறைப்படி இது எழுத்தில் இருக்க வேண்டும். ஈரக் கையால், புதிதாக ஒரு மெயிலில் ஒரே ஒரு வரி தட்டி அவனுக்கு அனுப்பினேன். படித்துச் சரிபார்த்தவர், இன்னார். பிறகு எல்லோரும் கட்டிக்கொண்டு வந்த சோற்றைச் சாப்பிட்டோம்.

அவன் அனுப்பியதை நான் திறக்கவே இல்லை.

சோம்பல் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வெறும் சோம்பல் என்று சொன்னால் அதுவும் பொய். சீனாக்காரன், போலந்துக்காரன், பக்கத்து மேசை ஜெர்மன்காரன், யார் அனுப்பினாலும் வரிவரியாகப் படித்துத் திருப்பி அனுப்புகிறவன் என்று எனக்குப் பேர். இந்த ஊரில் ஒருவன் எழுதியதில் பதினாறு குறை சொல்லிவிட்டு அவனோடே சாப்பிடப் போகலாம், யாரும் எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. கூட்டாளி கொடுத்த பொருளை அவன் கண் முன்னால் எடை போட்டுப் பார்ப்பது அசிங்கம். மீரான் எழுதியதை உட்கார்ந்து சோதிப்பது அவனைச் சந்தேகப்படுவதுபோல எனக்குப் பட்டது. படிக்காமல் பெயரைப் போட்டதை அவனுக்குச் செய்த மரியாதை என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

4

அந்தத் திங்கட்கிழமை, எட்டு வருஷப் பழைய மெயிலைத் தேடினேன். கிடைத்தது. திறக்காத மெயில்களுக்கு உண்டான தடித்த எழுத்தில் அப்படியே இருந்தது.

திருத்தம் அனுப்புவதற்கு எங்களுக்குள் ஒரு முறை இருக்கிறது. மேலே, என்ன மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம் என்ற விளக்கம். அதற்கடியில் எழுதியவர், சரிபார்த்தவர் பெயர்கள். அதற்கும் அடியில் மூன்று சின்னக் கோடுகள். கோடுகளுக்குக் கீழே எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். சந்தேகம் கேட்கலாம், போன தடவை செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்கலாம். திருத்தத்தைச் சேர்க்கும்போது, கோடுகளுக்கு மேலே உள்ள எழுத்து மட்டும் நிரந்தரப் பதிவில் ஏறும். கீழே எழுதியது தானாக உதிர்ந்துவிடும்.

மீரான் கோடுகளுக்குக் கீழே எனக்கு எழுதியிருந்தான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"செல்வம், நீளத்தச் சரிபாக்குத வரிய வேகத்துக்காக மேல தூக்கிட்டேன். பெரிய கட்டு துண்டு துண்டா வரும்போது அந்தச் சரிபாப்பத் தாண்டிப் போயிருமோன்னு ஒரு சந்தேகம். எங்கிட்ட உள்ள பெட்டியில சோதிக்க வழியில்ல. சில்லப் பத்தி ஒனக்குத்தான் தெரியும். மனசு ஒப்பல. வேற எதப் பாக்காட்டியும் இந்த எடத்த மட்டும் பாத்துரு."

ஆய்வாளர் பெண் சுட்டிக்காட்டிய இடம் அதுதான். அதே வரி.

பாபநாசத்திலிருந்து திரும்பிய மறுநாள், என் பெயரையும் சேர்த்து, அந்தக் குறிப்பை எடுத்துவிட்டு, திருத்தத்தைப் பொதுவில் அனுப்பியிருக்கிறான். எடுக்காமல் என்ன செய்வான்? அவன் கேட்டதை நான் பார்த்துவிட்டேன் என்று ஆற்றங்கரையில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆக, உலகத்துக்குத் தெரிகிற பதிவில் தப்பு அவனுடையது, சரிபார்ப்பு என்னுடையது. அவன் சந்தேகப்பட்டதும் என்னிடம் கேட்டதும் என் ஒருவன் மெயில்பெட்டியில் மட்டும் கிடந்தன. அலுவலகக் கழிப்பறையில் போய் உட்கார்ந்து அழுதேன். அவன் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. வெளியே வந்து முகம் கழுவும்போது பக்கத்து மேசைக்காரன் ஜலதோஷமா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

5

ஓட்டையை அடைக்க ஆறு வரி போதுமானதாக இருந்தது. இரண்டு நாள் சோதித்தேன். அதன் விளக்கத்தை எழுதுவதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

பிழையைச் சரிசெய்யும்போது, அது எந்தத் திருத்தத்தால் வந்தது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். கட்டாய விதி அது. பழைய திருத்தத்தின் எண்ணையும் தலைப்பையும் அப்படியே எடுத்து எழுத வேண்டும். மீரான் வைத்த தலைப்பை என் கையால் அந்த வரியில் எழுதினேன். அதற்கு மேலே, இதை எழுதியவர் அப்போதே இந்த இடத்தைச் சந்தேகப்பட்டார், சரிபார்த்தவர் படிக்கவில்லை என்று சேர்த்தேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். படித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். பன்னிரண்டு வருஷப் பொறுப்பாளன் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன் என்று பதிவில் ஏறும். இன்னும் எத்தனை அப்படிப் போட்டாய் என்று கேட்பார்கள். வேலை இருக்குமா? குடியுரிமை விண்ணப்பம் வேறு போட்டிருக்கிறேன். வேலை போனால் அதுவும் நிற்கும்.

கடைசியில் அந்த இரண்டு வாக்கியத்தையும் மூன்று கோடுகளுக்குக் கீழே இறக்கி வைத்து, ஓட்டை விஷயம் தெரிந்த ஏழெட்டுப் பேர் கொண்ட மூடிய குழுவுக்கு அனுப்பினேன். படித்திருப்பார்கள். ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. திருத்தம் சரி என்று இரண்டு பேர் பெயர் போட்டார்கள். சேர்ந்தது. கீழே இருந்தது உதிர்ந்துபோயிற்று. உதிரும் என்று தெரிந்துதான் அங்கே எழுதினேன். ஒத்துக்கொண்ட மாதிரியும் ஆயிற்று, யாருக்கும் தெரியாத மாதிரியும் ஆயிற்று. கோழைகளுக்கு இந்த உலகத்தில் எத்தனை வசதி செய்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

புது மிஷின்கள் திருத்தத்தைத் தாமாக இறக்கிக்கொள்ளும். மீரான் கம்பெனி செய்த பழைய பெட்டிகள் இறக்காது. அவற்றைத் தொடுவதற்கு ஆள் இல்லை. நம் பக்கத்தில் எத்தனை பள்ளிக்கூடத்து மூலையில், எத்தனை கடையின் மேல்தட்டில் அவை இன்னும் பச்சை விளக்கு எரியக் கிடக்கின்றனவோ தெரியாது.

6

விஷயம் வெளியாகி, ஓட்டைக்கு ஒரு பதிவெண் கிடைத்த அன்று, மதியம் டிராமில் எல்பே ஆற்றுப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தேன். போன் வந்தது. ஜுலைகா. இப்போது திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் எஞ்சினியரிங் மூன்றாம் வருஷம்.

"மாமா, பேசலாமா? வேலையா இருக்கியளா?"

"சொல்லும்மா."

"வாப்பா பேட்சோட தலைப்பு எனக்கு மனப்பாடம் மாமா. வாரத்துக்கு ஒரு தடவ அதப் போட்டுத் தேடிப் பாப்பேன். புதுசா எங்கயாவது வந்திருக்கான்னு. இத்தன வருசமா ஒண்ணும் வரல. இன்னைக்கி வந்திச்சி. தப்பு எங்கன இருந்து வந்திச்சின்னு போடுத வரியில வந்திருக்கு."

ஜன்னலுக்கு வெளியே ஆறு ஓரத்தில் உறைந்து கிடந்தது.

"உம்மாட்ட சொல்லல. காலேஜ்லயும் யாருக்கும் தெரியாது. ஒண்ணு கேக்கட்டுமா மாமா? வாப்பா பேருக்குக் கீழ ஒங்க பேரு இருக்கு. நீங்க படிச்சிப் பாத்துட்டுத்தான போட்டிய?"

"பாத்தேம்மா."

"ஒங்களுக்கும் தெரியல."

"தெரியலம்மா."

"அப்பம் சரி மாமா. ஒங்களுக்கே தெரியலன்னா கஷ்டமான எடமாத்தான் இருக்கும். வாப்பா ஏனோதானோன்னு செஞ்சிட்டாஹளோன்னு காலையில இருந்து எனக்கு ஒரு மாதிரியா இருந்திச்சி."

"ஒங்க வாப்பா எதையும் ஏனோதானோன்னு செய்யமாட்டான்மா" என்றேன். நான் பேசியதில் அது ஒன்றுதான் உண்மை.

என் நிறுத்தத்தில் இறங்க மறந்து நாலு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தேன். பாபநாசத்தில் அவனிடம் சொன்ன அதே வார்த்தையை அவன் மகளிடமும் சொல்லியாயிற்று. அன்று மரியாதை என்று பேர் வைத்திருந்தேன். இந்தத் தடவை பேர் வைக்கவும் ஒன்றும் கிடைக்கவில்லை.

7

படிக்காமல் கையெழுத்துப் போடுவது எனக்கு இங்கே வந்த பிறகு நன்றாகவே கைவந்த கலையாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளிலும் மூச்சு முட்டுகிற நீளத்தில் ஜெர்மன் வாக்கியங்கள், வினைச்சொல்லைத் தேடி வாக்கியத்தின் கடைசிவரை போகவேண்டும். என் மகன் கதிர் பள்ளிக்கூடத்துத் தாள்களை மேசையில் பரப்பி, விரலை வைத்து "இங்கே" என்பான். போட்டுவிடுவேன். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படிப் போட்ட ஒரு தாள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து அவனை விலக்கிக்கொள்வதற்கான விண்ணப்பம். பொங்கல் விழாவில் தமிழ் வாத்தியார் வருத்தப்பட்டுக் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. ஏன்டா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கத்தினேன். "நீங்கள்தானே அப்பா கையெழுத்துப் போட்டீர்கள்" என்றான் ஜெர்மனில், ரொம்ப நிதானமாக. இப்போது நான் தமிழில் கேட்பதும் அவன் ஜெர்மனில் பதில் சொல்வதுமாக எங்கள் வீடு ஓடுகிறது.

ஜுலைகா போன் செய்து இரண்டு வாரம் கழித்து, குடியுரிமை அலுவலகத்தில் எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். இந்த நாட்டின் அடிப்படைச் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஓர் உறுதிமொழித் தாள். என் வயதுள்ள ஒரு பெண்மணி அதை என் பக்கம் நகர்த்தினார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவர் தாளை எடுக்கவில்லை, அதன் மேல் கையை வைத்தார்.

"படித்தீர்களா?"

"படித்தேன்."

"இதில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்."

இரண்டு வாக்கியம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பதினாலு வருஷ ஜெர்மன் அதற்கு மேல் வரவில்லை. அவர் நான் கையெழுத்துப் போட்ட தாளைக் குறுக்கே கிழித்து, புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டு வாருங்கள். அவசரம் இல்லை" என்றார். கடுமையே இல்லாத குரல்.

நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து இருபது நிமிஷம் ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். என்னை அவருக்குத் தெரியாது. என் மேல் அவருக்கு எந்தப் பிரியமும் இருக்க நியாயமில்லை. ஆனாலும் நான் சொன்ன 'படித்தேன்' என்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மீரான் மூன்று தடவை கேட்டுவிட்டு, நான் எரிந்து விழுந்ததும் விட்டுவிட்டான். அவனுக்கு என் மேல் பிரியம் இருந்தது.

அந்தப் பெஞ்சில் இருந்தபடியே மீரானின் பழைய மெயிலை ஜுலைகாவுக்கு அனுப்பினேன். கூடவே எழுதினேன்: "உன்னிடம் பொய் சொன்னேன். நான் அதைப் படிக்கவில்லை. இந்த மெயிலை எட்டு வருஷம் திறக்கவும் இல்லை. உன் வாப்பா சரியான இடத்தைச் சந்தேகப்பட்டு என்னிடம் கேட்டிருக்கிறான்." அனுப்பிவிட்டு உள்ளே போய், படித்த தாளில் கையெழுத்துப் போட்டேன். இனி இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

8

பதில் வரவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம். அவள் உம்மா என் மனைவியிடம் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தார். பெருநாளைக்கு வாழ்த்து அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் மட்டும் வந்தது. கோபப்பட்டு நாலு வார்த்தை கேட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை, டிரைவர் சம்பந்தமான பொது மெயில் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவள் பெயரைப் பார்த்தேன். ஜுலைகா அனுப்பிய முதல் திருத்தம். நிரலில் எதையும் மாற்றவில்லை. ஓட்டையை அடைக்க நான் எழுதிய அந்த ஆறு வரிக்கு மேலே, அடுத்து வருகிறவர்களுக்காக இரண்டு வரிக் குறிப்பு: பெரிய கட்டு துண்டுகளாக வரும்போது நீளத்தை ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டும், எழுதியிருப்பதை நம்பக்கூடாது. விளக்கத்தில், இந்த இடத்தை முதலில் சந்தேகப்பட்டவர் இந்த நிரலை அன்று எழுதியவரே என்று ஒரு வாக்கியம். பெயர்களுக்கு உண்டான இடத்தில், 'யோசனை சொன்னவர்' என்ற வரியில் அவள் வாப்பாவின் பெயர். எல்லாம் மூன்று கோடுகளுக்கு மேலே. கீழே ஒன்றும் எழுதவில்லை.

திருத்தத்தை யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்பதை நாங்கள் யோசிக்க வேண்டியதில்லை. அதற்கென்று ஒரு நிரல் இருக்கிறது, அது பெயர்களை வரிசையாகக் கொடுக்கும். அந்த டிரைவருக்கு அது கொடுக்கும் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. ஜுலைகா அனுப்பிய பட்டியலில் மற்ற எல்லோரும் இருந்தார்கள். என் பெயர் இல்லை. அது தானாக விடுபடாது, கையால்தான் எடுக்க வேண்டும்.

எனக்கு மேலே இருக்கிற பொறுப்பாளர் ஒரு காற்புள்ளி வைக்கச் சொன்னார். வைத்து அனுப்பினாள். வேறு இரண்டு பேர் படித்துச் சரிபார்த்ததாகப் பெயர் போட்டார்கள். நேற்று சேர்ந்துவிட்டது.

நானும் படித்தேன். தலைப்பிலிருந்து கடைசிப் புள்ளிவரைக்கும், எத்தனை தடவை என்று தெரியாது. ஒரு குறையும் இல்லை. பாத்தியா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.